சுவிட்ச் எரிகிறது, தண்ணீர் சுடவில்லை

தண்ணீர் ஹீற்றரைக் கேஸில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் கை பொறுக்காத சூடு வந்துவிடும். மின்சாரத்தில் போட்டால் சுவிட்சின் சிவப்பு விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும். இரண்டு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தாலும் ஓடைத் தண்ணீர்தான். தலவாக்கலைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்தில் நின்றிருந்த மோட்டார் ஹோம் ஒன்றின் ஹீற்றருக்கு வந்திருந்த நோய் இது.

வண்டி பழைய டொயோட்டா கோஸ்டர். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேடை, ஒரு ஆள் திரும்ப முடியாத குளியலறை எல்லாம் உள்ளே அடைத்து வீடாக்கியிருக்கிறார்கள். உரிமையாளர் யாழ்ப்பாணத்துத் தம்பி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். யாழ்ப்பாணத்து வெயிலில் நின்றவரை அந்த ஹீற்றரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மே மாதத்தில் மலைக்கு ஏறியதும் குளிக்கப் போன முதல் ஆளே கத்திக்கொண்டு வெளியே வந்தாராம்.

ஹீற்றர் ஐரோப்பிய வகை. பத்து லீற்றர் தொட்டி, கேஸ் பக்கம் 1.5 கிலோவாட், மின்சாரப் பக்கம் 850 வாட் எலிமென்ட், அதாவது தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி. 850 வாட் என்பது நம் ஊர்க் குளியலறைக் கீசரோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவுதான். ஆனால் வண்டிக்கு வெளியிலிருந்து கிடைக்கும் மின்சாரம் எப்போதும் அளவுச் சாப்பாடு. ஐரோப்பாவின் முகாம் தளங்கள் பலவற்றில் 6 அம்பியருக்கு மேல் தருவதில்லை. அதற்கேற்றபடி செய்த பொருள் இது.

பழுது பார்க்கப் போன நான், கேஸ்தான் வேலை செய்கிறதே, அது போதாதா என்று கேட்டேன்.

“2022இல் ஒரு சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றவன் நான், அண்ணை. இனி ஒன்றையே நம்பி வண்டி ஓட்ட மாட்டேன்” என்றார் தம்பி. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எனக்கு முன்பே ஒரு எலக்ட்ரிக் பாஸ், அதாவது மின்வேலைக்காரர், வந்து பார்த்திருக்கிறார். டெஸ்டரை ஹீற்றரின் இரண்டு முனைகளிலும் வைத்திருக்கிறார், இரண்டிலும் எரிந்திருக்கிறது. “கரண்ட் நன்றாக வருகிறது, எலிமென்ட் போய்விட்டது” என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விட்டார். தம்பியும் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து எலிமென்ட் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். 850 வாட் கிடைக்கவில்லை. 3000 வாட் இருக்கிறது, போடலாம், சீக்கிரம் சுடும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 3000 வாட் என்றால் 13 அம்பியர். அந்த வண்டியில் ஹீற்றருக்கு இருப்பது 6 அம்பியர் பிரேக்கர், 1.5 சதுர மில்லிமீற்றர் ஒயர். போட்டவுடன் பிரேக்கர் விழும். விழுகிறதே என்று யாராவது பெரிய பிரேக்கர் மாட்டுவார்கள். பிறகு கட்டிலுக்கு அடியில் ஒயர் உருகும். நல்லவேளை, வாங்கியிருக்கவில்லை.

அந்த டெஸ்டர் சமாச்சாரம்தான் எனக்கு உறுத்தியது. இரண்டு முனைகளிலும் டெஸ்டர் எரிகிறதென்றால் எலிமென்ட் போய்விட்டது என்று ஆகாது. பெரும்பாலும் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது, மின்னோட்டம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்றே பொருள். லைவ் முனையில் வருகிற மின்னழுத்தம் எலிமென்ட்டுக்குள் புகுந்து மறுமுனை வரை வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. டெஸ்டருக்கு அது போதும், எரியும். எலிமென்ட் அறுந்திருந்தால் நியூட்ரல் முனையில் டெஸ்டர் இருட்டாக இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் நேராக ஹீற்றருக்குப் போகவில்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் என் வழக்கம். கேஸில் தண்ணீர் சுடுவதால் தொட்டி, பம்ப், குழாய் எதிலும் குற்றமில்லை. தேட வேண்டியது சுவரில் உள்ள பிளக்கிலிருந்து எலிமென்ட் வரையான ஒரே பாதையை மட்டும்.

முதலில் விடுதியின் சொக்கட். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 218 வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் 217. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1 வோல்ட். மூன்றையும் அளந்தாக வேண்டும். இரண்டாவது அளவு கிடைக்காவிட்டால் எர்த் இல்லை. மூன்றாவது இடத்தில் பெரிய எண் வந்தால் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. இலங்கையில் எர்த் வெளியிலிருந்து வரும் மின்கம்பியோடு வருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் முற்றத்தில் தானே ஒரு எர்த் ரொட் இறக்கிக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் அறைகளுக்கு மின்சாரம் இழுத்தபோது அந்த ரொட் பல இடங்களில் கடதாசியில் மட்டும் இறங்கியது. அப்படிப்பட்ட சொக்கட்டில் இரும்பு உடம்புள்ள ஒரு வண்டியை மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இந்த விடுதியில் எர்த் இருந்தது.

அடுத்தது வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டி. பிரிட்ஜையும் பேட்டரி சார்ஜரையும் அணைத்துவிட்டு, ஹீற்றர் பிரேக்கரிலிருந்து கிளம்பும் லைவ் ஒயரை மட்டும் தனியே பிரித்து, ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை மாட்டினேன். மூன்று ஒயரும் உள்ள முழுக் கேபிளைச் சுற்றி மாட்டினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று தின்றுவிடும். என்ன ஓடினாலும் மீற்றர் சுழிதான் காட்டும். தனி ஒயரில் மாட்டியும் சுழிதான் வந்தது. 850 வாட்டுக்கு ஏறத்தாழ மூன்றரை அம்பியர் ஓட வேண்டும். ஆக, விளக்கு எரிகிறது, மின்னோட்டம் இல்லை.

அந்தச் சிவப்பு விளக்கும் ஒரு சாட்சி. சுவிட்ச் இரட்டை முனை வகை. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும். விளக்கு சுவிட்சின் வெளியேறும் பக்கத்தில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்கிறது. அது எரிகிறதென்றால் சுவிட்ச் வரை நியூட்ரல் நலமாக வந்து சேர்கிறது. அறுபட்ட இடம் சுவிட்சுக்கும் ஹீற்றருக்கும் நடுவில்.

கட்டிலைத் தூக்கி, அதன் கீழிருந்த ஒட்டுப்பலகையைக் கழற்றினால் ஹீற்றரின் முதுகு தெரிந்தது. முனைகளின் மூடியைத் திறந்து அளந்தேன். லைவுக்கும் எர்த்துக்கும் 217. லைவுக்கும் நியூட்ரலுக்கும் கிட்டத்தட்ட சுழி. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 216. நியூட்ரல் முனை முழு மின்னழுத்தத்தோடு நிற்கிறது. தம்பி மீற்றரை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் அந்த பாஸ் சொன்னது பிழையா, அண்ணை?” என்றார். டெஸ்டர் சொன்னது சரி, அதை வாசித்ததுதான் பிழை என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓம் அளவில் பார்த்தேன். ஹீற்றரின் இரண்டு முனைகளுக்கு இடையே 63 ஓம். 230ஐ 230ஆல் பெருக்கி 850ஆல் வகுத்தால் 62 சொச்சம். எலிமென்ட் மட்டுமன்றி அதோடு தொடராக இருக்கும் தேர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் வெட்டும் கட்-அவுட்டும் சேர்ந்தே தேறிவிட்டன. கட்-அவுட் விழுந்திருந்தால் இந்த எண்ணே வந்திருக்காது.

சுவிட்சிலிருந்து வரும் கேபிளும் ஹீற்றரின் கேபிளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர், பலகைக்குப் பின்னால் எதிலும் திருகப்படாமல் ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரல் துளை பழுப்பு நிறமாகி, ஓரம் உருகி இருந்தது. திருகைத் தொட்டவுடன் ஒயர் கையோடு வந்தது. செம்பு இழைகள் கறுத்து, பாதி உதிர்ந்துவிட்டன. வண்டி கண்டியிலிருந்து இறம்பொடை வளைவுகளில் ஏறியிறங்கும்போதெல்லாம் அந்தத் தொங்கும் கனெக்டர் ஆடியிருக்கும். திருகு கொஞ்சம் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடான செம்பு கறுக்கும். கறுத்தது இன்னும் சூடாகும். ஆரம்பத்தில் சில இரவுகளில் சுட்டது, சில இரவுகளில் சுடவில்லை என்று தம்பி சொன்னதற்கும் இதுவே விடை. வீடு ஆடாது; அதனால் வீட்டு ஒயரிங் பழகியவர்கள் செய்த வேலை வண்டியில் தாங்குவதில்லை.

கறுத்த பகுதியைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டினேன். நீளம் போதாததால் ஹீற்றர் பக்கத்தில் சூடு தாங்கும் சிலிக்கன் உறை போட்ட ஒயர் புதிதாக வைத்தேன். இழைகளை நேராகத் திருகுக்குக் கீழே நசுக்காமல், ஒவ்வொரு முனைக்கும் செம்புக் குழல் மாட்டி அழுத்திக் கவ்வவைத்தேன். பிளாஸ்டிக்குக்குப் பதில் பீங்கான் கனெக்டர். அதையும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பலகையில் திருகி, கேபிள்களை இருபுறமும் கிளிப்பால் பிடித்தாகிவிட்டது. ஈயம் வைத்துப் பற்றவைத்த இழையைத் திருகுக்குக் கீழே வைக்கிறவர்கள் உண்டு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல ஒதுங்கிக்கொடுக்கும், சில மாதங்களில் திருகு தளர்ந்துவிடும். ஆடும் வண்டிக்கு அது கூடவே கூடாது.

தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருப்பதைக் குழாயைத் திறந்து உறுதி செய்துகொண்டு சுவிட்சைப் போட்டோம். கிளாம்ப் மீற்றரில் 3.4 அம்பியர். தம்பியின் முகம் மலர்ந்தது. கால் மணி நேரத்தில் குழாய் வெதுவெதுப்பானது. பிறகு ‘டக்’ என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்து வண்டி முழுக்க இருட்டு.

தூக்கிவிட்டால் நின்றது; கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தது. எலிமென்ட் ஆற ஆற நிற்கும் நேரம் கூடியது. பார்த்துக்கொண்டிருந்த விடுதிக் காவலாளி, “எங்கள் வீட்டிலும் இப்படித்தான் விழுந்தது சார், ட்ரிப்பைக் கழற்றி நேராகக் கொடுத்த பிறகு ஒரு தொல்லையும் இல்லை” என்றார். அவர் வீட்டுக்கு ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுவது என்றால் லைவில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பவில்லை, வேறு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். 30 மில்லிஅம்பியர் சுவிட்ச், கசிவு அந்த அளவை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே விழும். அதைக் கழற்றினால் கசிவு நிற்பதில்லை. குளித்துக்கொண்டிருக்கும் ஆள் அதற்கு வழியாகிவிடுகிறார்.

இங்கே ஓம் மீற்றர் உதவாது. அதன் பேட்டரியின் சில வோல்ட்டில் காப்பு நன்றாகத்தான் தெரியும். மெகர் வேண்டும், 500 வோல்ட் கொடுத்துக் காப்பின் தடையை அளக்கும் கருவி. பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் இருந்தது. ஒயர்களைக் கழற்றி, எலிமென்ட்டின் ஒரு முனைக்கும் தொட்டியின் உடம்புக்கும் இடையே அளந்தோம்: 0.02 மெகா ஓம். குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டிய இடம். சூடேறச் சூடேற அது இன்னும் இறங்கும், ட்ரிப் விழும்.

காப்பு இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எலிமென்ட்டின் உலோக உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அப்படியானால் தூக்கி எறிய வேண்டியதுதான். அல்லது காற்றிலிருந்த ஈரம் முனைகளின் வழியே உள்ளே போயிருக்கலாம். எலிமென்ட்டின் சுருளுக்கும் உறைக்கும் நடுவே மெக்னீசியம் ஒக்சைட் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி, வாய் லேசாகத் திறந்திருந்தால் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். தினமும் சூடாகும் எலிமென்ட் குடித்ததைத் தினமும் உலர்த்திவிடும். இந்த எலிமென்ட்டோ நியூட்ரல் அறுந்ததால் தென்மேற்குப் பருவமழை முழுவதும் சும்மா இருந்திருக்கிறது, அதுவும் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் ஊரில். முதல் குற்றம்தான் இரண்டாவதைப் பெற்றிருக்கிறது என்று தோன்றியது.

கழற்றாமலே அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. மின்சாரத்தைத் தொடாமல் கேஸில் தொட்டியைச் சுடவைத்து, இரவு வெகு நேரம் வரை சூட்டிலேயே வைத்தோம். மறுநாள் தண்ணீர் ஆறிய பிறகு மெகர் 0.3 மெகா ஓம் காட்டியது. உறை வெடித்திருந்தால் தண்ணீருக்குள் கிடந்து ஏறியிருக்காது. ஈரம்தான், உலர்த்தினால் பிழைக்கும்.

தொட்டியை வடித்துவிட்டு எலிமென்ட்டைக் கழற்றியபோது இன்னொரு விருந்து காத்திருந்தது. உறை முழுவதும் வெள்ளைப் பாறை. மலைநாட்டு ஓடைத் தண்ணீர் மென்னீர்; இங்கே பல வருடம் ஓடிய கேத்தலிலும் படிவு காண்பது அரிது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும், சூடேறினால் கக்கிவிடும். தொழிற்சாலை அண்ணன் அதை விரலால் சுரண்டிப் பார்த்து, “இது எங்கே கிடந்த கம்பி?” என்றார். வினாகிரியில் ஊறவைத்தோம், நுரைத்து நுரைத்துப் படிவு விட்டது. சுரண்டக் கூடாது, உறையில் கீறல் விழும்.

உலர்த்தத்தான் மலைநாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லையே. தேயிலை டிரையருக்குள் போகும் காற்றே நூறு பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். தொழிற்சாலை அதிகாரியிடம் கேட்டு, டிரையரின் அடுப்பு உடம்புக்கு மேலே, தேயிலையின் பக்கமே போகாத ஒரு தட்டில், எலிமென்ட்டை இரவு முழுவதும் கிடத்திவைத்தார் அண்ணன். காலையில் சூடு ஆறியதும் மெகர் 50 மெகா ஓமுக்கு மேல் போனது. ஈரம் மறுபடி ஏறுமுன் இரண்டு முனைகளையும் சூடு தாங்கும் சிலிக்கன் பசையால் அடைத்தோம். புது வாஷர் போட்டுத் தொட்டியில் இறுக்கி, நிரப்பி, ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு மின்சாரம் கொடுத்தோம். ட்ரிப் விழவில்லை.

சாயங்காலம் தம்பி மறுபடி அழைத்தார். சுடுகிறது, ஆனால் பகலில் எடுத்த நேரத்தைவிடக் கூடுதலாக எடுக்கிறது என்றார். ஹீற்றர் ஓடும்போதே சொக்கட்டில் அளக்கச் சொன்னேன்: 196 வோல்ட். எல்லா வீடுகளிலும் விளக்கும் சோறும் ஏறும் நேரம். மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறையாது, அதன் வர்க்கத்தில் குறையும். 196 வோல்ட்டில் 850 வாட் எலிமென்ட் 617 வாட்தான் தரும். 14 பாகையில் இருக்கும் பத்து லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற 230 வோல்ட்டில் 38 நிமிடம் போதும். 196இல் 52 நிமிடம், தொட்டி இழக்கும் சூடு தனி.

“அணைக்கட்டு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கரண்ட் இல்லை என்கிறீர்களே” என்று சிரித்தார். அவர் சொன்னது மேல் கொத்மலை. 150 மெகாவாட், தலவாக்கலையில் தண்ணீரை மறித்து எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறி நாட்டுக்குப் போகிறது. இந்த விடுதிக்கு வருவது ஒரு சிறிய டிரான்ஸ்போமரிலிருந்து தோட்டத்தைச் சுற்றி, நீண்ட மெல்லிய கம்பியின் கடைசித் தூணுக்கு வருகிற பங்கு. அணைக்கட்டின் தூரம் அதில் கணக்கில்லை, டிரான்ஸ்போமரின் தூரம்தான் கணக்கு. ஹீற்றருக்கு இது குற்றமல்ல. ஆறரை மணிக்கு முன்பே போட்டுவிடச் சொன்னேன். சோதிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது: ஒன்றும் ஓடாதபோது அளந்த வோல்ட் எதையும் சொல்லாது. அந்தக் கருகிய நியூட்ரல்கூட, ஹீற்றரைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரில் அளந்திருந்தால் ஏறத்தாழ முழு எண்ணைக் காட்டியிருக்கும்.

மெகர் அளவைத் தேதியோடு எழுதி பிரேக்கர் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அளந்து, 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் எலிமென்ட்டை மாற்றிவிட வேண்டும், மறுபடி உலர்த்திக்கொண்டிருக்கக் கூடாது. வண்டி யாழ்ப்பாணத்தில் நிற்கும் நாட்களிலும் வாரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தில் சுடவைக்கச் சொல்லியிருக்கிறேன். கேஸ் பக்கத்தின் புகைவாய் மூடியில் கரி படிந்திருப்பதை வடித்துக் கழற்றும்போது பார்த்தேன். எரிவது முழுமையாக எரியவில்லை. பர்னரைத் துப்புரவு செய்து பார்க்கும்வரை தம்பி மின்சாரத்தில் மட்டும்தான் குளிக்க வேண்டும்.